ஊன்றுகோலுக்கு முன்: முதுமை பற்றிய தமிழ் வாசிப்புகளும் வலிமை, திறன், சமநிலைப் பயிற்சியின் சான்றுகளும்

ஆய்வுச்சுருக்கம்

முதுமையைப் பாடும் தமிழ்ச் செய்யுள்கள் பெரும்பாலும் நிலையாமை என்னும் ஒரே கருத்தின்கீழ் வாசிக்கப்பட்டு வந்துள்ளன. அச்செய்யுள்கள் காட்டும் உடல், வயதால் மட்டும் தளர்ந்த உடலன்று. எந்தெந்தச் செயல்களை இழந்தது என்று நுணுக்கமாகப் பதிவு செய்யப்பட்ட உடலாகும். தசை வலிமை, தசைத் திறன், சமநிலை ஆகிய மூன்றையும் மூத்த வயதிலும் பயிற்சியால் மீட்கலாம் என்பதற்கு இன்று வலுவான மருத்துவச் சான்றுகள் உள்ளன. அவற்றின் துணையுடன் புறநானூற்றுப் பாடல்கள் இரண்டும் நாலடியார்ச் செய்யுள் ஒன்றும் பெரியாழ்வாரின் திருமொழி ஒன்றும் இங்கு மறுவாசிப்புக்கு உட்படுத்தப்படுகின்றன. முதுமையை விதியாகக் கொள்ளும் வாசிப்பையும், பழைய வாழ்வையே மருந்தாகக் கொள்ளும் வாசிப்பையும் இக்கட்டுரை ஒருசேர மறுக்கிறது.

திறவுச்சொற்கள்: முதுமை, கையறுநிலை, தசைத் திறன், சமநிலை, புறநானூறு, பெரியாழ்வார், செண்பகத்தோப்பு.

முன்னுரை

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது செண்பகத்தோப்பு. சாம்பல் நிற அணில்களுக்கெனக் காக்கப்பட்டு, 2021 முதல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாக விளங்கும் காட்டின் வாயில் அது. அங்கிருந்து காட்டுவழி நடந்து படியேறிக் காட்டழகரை வழிபடுவது இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டார மக்களின் நெடுநாள் வழக்கம். இவ்வழிபாடு உடலிடம் மூன்றைக் கேட்கிறது. படியேறத் தொடையின் வலிமை வேண்டும். கால் இடறும் நொடியில் அடுத்த காலை விரைந்து ஊன்றத் திறன் வேண்டும். ஈரப் பாறையிலும் இறங்கு படியிலும் உடலை நிறுத்தச் சமநிலை வேண்டும். ஒரு வயதுக்குமேல் அடிவாரத்திலேயே தங்கிவிடும் மூத்தோர், காரணம் கேட்டால் ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரு சொல்லையே விடையாகத் தருவர். கேட்டவரும் அதை ஏற்றுக்கொள்வார்.

இந்த ஒற்றைச் சொல் விடை எவ்வளவு உண்மையானது என்பதே இக்கட்டுரையின் வினா. இது மருத்துவ வினா மட்டுமன்று. முதுமையை எவ்வாறு சொல்வது என்பதை ஒரு சமூகம் தன் இலக்கியத்திலிருந்தும் அதற்கு எழுதப்பட்ட உரைகளிலிருந்தும் கற்றுக்கொள்கிறது. மக்கள்தொகைக் கணிப்புகளின்படி 2021இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். மாநிலங்களுள் கேரளத்துக்கு அடுத்த நிலை இது. இத்தகைய காலத்தில் முதுமைப் பாடல்களை வகுப்பறையில் எப்படி வாசிக்கிறோம் என்பது பொறுப்பு மிக்க செயலாகிறது.

சொல்லும் பொருளும்

மூன்று சொற்களையும் முதலில் வரையறுத்தல் தேவை. நலவாழ்வு பற்றிய தமிழ் எழுத்தில் வலிமை, வலு, ஆற்றல், சக்தி, திறன் ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளி இயற்பியல் பாடநூல்களில் இக்குழப்பம் இல்லை. அவை விசை, வேலை, ஆற்றல், திறன் ஆகியவற்றைத் தனித்தனியே வரையறுக்கின்றன. ஓரலகு நேரத்தில் செய்யப்படும் வேலையே திறன். அதனைப் பின்பற்றி, ஒரு தசை செலுத்தக்கூடிய பெரும விசையைத் தசை வலிமை என்றும், அவ்விசையை எவ்வளவு விரைவாகச் செலுத்த முடிகிறது என்பதைத் தசைத் திறன் என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. நாற்காலியிலிருந்து எழ முடிவது வலிமை. சட்டென எழ முடிவது திறன்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாய்வு அன்று. 65 முதல் 89 வயது வரையிலான நலமுடையோரை ஆராய்ந்து இங்கிலாந்தில் இசுகெல்டன் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், வலிமை ஆண்டுக்கு 1 முதல் 2 விழுக்காடு வரை குறைய, கால் தசைத் திறன் ஏறத்தாழ 3.5 விழுக்காடு குறைந்தது. அதாவது முதுமையில் முதலில் கைவிட்டுப் போவது விரைவு. கனமான குடத்தைத் தூக்கும் மூதாட்டி ஒருவர், வாசற்படியில் கால் தடுக்கினால் விழுந்துவிடக்கூடும். தூக்கும்போது வேண்டியது வலிமை. தடுக்கிய நொடியில் வேண்டியது திறன். இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கும் மொழியில் இவ்விழப்பு பெயரின்றியே போய்விடுகிறது.

புறம் 243: உடலுக்கு ஒரு கையறுநிலை

முதுமை குறித்த சங்கப் பாடல்களுள் மிகுதியும் எடுத்துக்காட்டப்படுவது புறநானூற்றின் 243ஆம் பாடல். தன் பாடலில் வரும் தொடராலேயே பெயர் பெற்ற தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. பாடலின் முற்பகுதி முழுவதும் அசைவு. நீர்த்துறையில் தாழ்ந்து படிந்த மருத மரக்கிளையில் ஏறுதல், கரையிலுள்ளோர் வியக்க ஆழ்நீரில் ஓசையெழப் பாய்தல், அடிவரை மூழ்கி மணலை அள்ளி வருதல் என வினைகள் தொடர்கின்றன. பிற்பகுதியில் பூண் கட்டிய ஊன்றுகோல், நடுக்கம், இருமலுக்கு இடையே வரும் சில சொற்கள் ஆகியன மட்டுமே எஞ்சுகின்றன.

இப்பாடலை இளமையின் நிலையாமை என்று சுருக்கிவிடுவது எளிது. ஆயின் புலவர் இளமையின் அழகையோ கருங்கூந்தலையோ நினைந்து ஏங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர் எண்ணுவன செயல்கள். கிளையேறுதல் வலிமைக்கும், கிளைமேல் நிற்றல் சமநிலைக்கும், பாய்தல் திறனுக்கும் உரியவை. நீருக்கடியில் மூச்சடக்கி மணல் கொணர்தலுக்கு நேர் எதிராகவே இருமல் வைக்கப்பட்டுள்ளது. கிளைமேல் நின்ற காலுக்கு எதிராகக் கோல் வைக்கப்பட்டுள்ளது. பாய்ச்சலுக்கு எதிராக மட்டும் பிற்பகுதியில் எதுவுமே இல்லை. முற்றாக இழக்கப்பட்டது அதுதான்.

பாடலுக்கு வகுக்கப்பட்ட திணை பொதுவியல், துறை கையறுநிலை. தலைவன் இறந்தவழி அவனைச் சார்ந்தோர் செயலற்று வருந்துவது அத்துறையின் இலக்கணம். இங்கு இறந்தவர் எவரும் பாடலுக்குள் சுட்டப்படவில்லை. உயிரோடிருக்கும் உடலின் ஒரு காலத்துக்கே இரங்கல் பாடப்படுகிறது. கையறுதல் என்ற சொல் செயலறுதலைக் குறிப்பதாகவும் இருப்பதால், துறை வகுத்தவர் இப்பாடலின் உயிர்நிலையைச் சரியாகவே தொட்டுள்ளார் எனலாம். ஆனால் இறப்புக்குரிய துறையில் வைக்கப்பட்டதால், அவ்விழப்பும் இறப்பைப் போலவே மீளாதது என்ற முடிவும் உடன் வந்து சேர்ந்தது. மூத்தல் மீளாதது, செயலறுதலும் அவ்வாறே மீளாததா என்பது வேறு வினா. இரண்டையும் வாசிப்பு மரபு ஒன்றாக்கிவிட்டது.

புறம் 159: முற்றம் கடவாத தாய்

பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய 159ஆம் பாடலில் வேறொரு மூத்த உடல் இடம்பெறுகிறது. புலவரின் தாய் கோலையே காலாகக் கொண்டு, குறுகிய பல அடிகளாக ஒதுங்கி நடக்கிறாள், பார்வை மங்கிவிட்டது, வீட்டு முற்றத்துக்குக்கூடச் செல்வதில்லை, உயிர் போகவில்லையே என்று வெறுத்துக்கொள்கிறாள். அடி குறுகுதல், நடை தளர்தல், பார்வை மங்கல், நடமாடும் எல்லை சுருங்குதல் ஆகிய நான்கையும் இன்றைய முதியோர் மருத்துவம் விழும் இடரை மதிப்பிடுகையில் தவறாமல் கேட்கிறது. மனவெறுப்பு ஐந்தாவது. ஒருவர் எவ்வளவு தொலைவு சென்று வருகிறார் என்பதை அவரது நலத்தின் அளவுகோலாகக் கொள்ளும் முறை இப்புலவனின் பார்வையில் முன்பே இருக்கிறது.

அதனினும் முதன்மையானது பாடலின் துறை. இது பரிசில் கடாநிலை. தாயின் தளர்ச்சியை அடுத்து, பாலூட்டி மெலிந்த மனைவியும் உப்பின்றி வெந்த குப்பைக்கீரையும் வருகின்றன. புலவன் இவற்றை ஊழ் என்று சொல்லி ஆறியிருக்கவில்லை. கொடையால் தீர்க்கப்பட வேண்டிய குறைகளாகப் புரவலன்முன் வைக்கிறான். 243 மூத்த உடலை இரங்கலுக்கு உரியதாக்க, 159 அதனைக் கோரிக்கைக்கு உரியதாக்குகிறது. தமிழ் மரபு முதுமையை நிலையாமையாக மட்டுமே கண்டது என்ற பொதுக்கூற்று இவ்விடத்தில் நிலைகொள்ளவில்லை.

நாலடியார்: கைமாறும் கோல்

நாலடியாரின் இளமை நிலையாமை அதிகாரத்தில், உடல் குனிந்து, தளர்ந்து, தலை நடுங்கி, தண்டூன்றி, வீழ்ந்து, இறக்கும் ஒருத்தி காட்டப்படுகிறாள். அவள் கையிலுள்ள கோல் முன்னொரு நாள் அவள் தாயின் கையில் இருந்தது. அன்று இவள் பிறர் விரும்பும் இளமையோடு இருந்தாள் என்பது செய்யுளின் குறிப்பு. வினையெச்சங்களின் வரிசை ஒரு மருத்துவக் குறிப்பேட்டின் வரிசை போலவே அமைந்துள்ளது. இறப்புக்கு முந்தைய படியாக வீழ்தல் நிற்கிறது. துறவறத்தை வலியுறுத்தும் சமண நூல் என்ற அளவில் இவ்வரிசை அதன் நோக்கத்துக்கு முற்றிலும் பொருந்தும். அதனைக் குறை கூறுவதற்கில்லை.

குறை நம் வாசிப்பில் உள்ளது. அறநூல் தன் அறத்துக்காக அடுக்கிய வரிசையை உடலியல் உண்மையாக எடுத்துக்கொண்டு, தாயிடமிருந்து மகளுக்குக் கோல் கைமாறுவதை இயற்கை நியதியாகப் பாடம் சொல்கிறோம். அவ்வரிசையின் எந்தப் படியிலும் தடுத்து நிறுத்த இடமுண்டா என்று கேட்பதில்லை.

சான்றுகள் கூறுவது

அக்கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகளுள் திருப்புமுனையாகக் கருதப்படுவது, பாசுடன் நகரில் மரியா ஃபியத்தரோன் குழுவினர் செய்து 1990இல் வெளியிட்டது. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி வயது 90 ஆகிய பத்துப்பேருக்கு எட்டு வாரம் பளுப்பயிற்சி அளிக்கப்பட்டது. முழுமையாக முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. பத்துப்பேர் என்பது சிறு எண். ஆகவே அதே குழுவினர் 1994இல் நூறு பேரைக் கொண்டு பத்து வார ஒப்பீட்டாய்வு செய்தனர். பயிற்சி பெற்றோரின் வலிமை 113 விழுக்காடும், படியேறும் திறன் 28 விழுக்காடும், நடைவேகம் ஏறத்தாழ 12 விழுக்காடும் உயர்ந்தன. பயிற்சியின்றி ஊட்டச்சத்துப் பானம் மட்டும் பெற்றோரிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. பெருஞ்சித்திரனாரின் இல்லத்துக்கு முதலில் வேண்டியது உணவே. ஆயினும் உணவு கிடைத்த இல்லங்களிலும் உணவு மட்டும் தளர்ந்த காலை நிமிர்த்தாது என்பது இதன் பாடம்.

வீழ்தலைத் தடுப்பது பற்றிய சான்று இன்னும் விரிவானது. செரிங்டன் குழுவினர் 2019இல் காக்ரேன் அமைப்புக்காகத் தொகுத்த மதிப்பாய்வு 108 ஆய்வுகளையும் 23,407 மூத்தோரையும் உள்ளடக்கியது. உடற்பயிற்சி விழுதலை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தது. சமநிலைப் பயிற்சியோடு பளுப்பயிற்சியும் சேர்ந்தபோது குறைவு 34 விழுக்காடு. பளுப்பயிற்சி மட்டும், நடைப்பயிற்சி மட்டும் ஆகியவை விழுதலைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிட்டவில்லை. உலக நலவாழ்வு அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாளேனும் சமநிலையும் வலிமையும் கலந்த பயிற்சி செய்ய வேண்டும் எனப் பரிந்துரைப்பது இதனோடு ஒத்துப்போகிறது.

பயிற்சியின் உள்ளியல்பு எளியது. உடல் பழகிய சுமையைவிடச் சற்றுக் கூடுதலான சுமையைப் படிப்படியாக ஏற்றுதலும், இடையே ஓய்வு தருதலும் அதன் இலக்கணம். நாற்காலியிலோ திண்ணையிலோ அமர்ந்து கையூன்றாமல் எழுதல், ஒரு படி ஏறி இறங்குதல், குதிகாலை உயர்த்தி நிற்றல் ஆகியன வலிமைக்கு உரியவை. அவற்றையே விரைந்து எழுந்து மெல்ல அமர்வதாக மாற்றினால் திறனுக்கு உரியவையாகின்றன. தூணையோ சுவரையோ எட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு, பாதங்களைச் சேர்த்தும், ஒன்றன்முன் ஒன்றாக வைத்தும், பின் ஒற்றைக்காலிலும் நிற்பது சமநிலைக்கு. இதயநோய், அண்மை எலும்புமுறிவு, தலைச்சுற்றல் உடையோர் மருத்துவரைக் கலந்தே தொடங்க வேண்டும். நியூசிலாந்தில் 80 வயதைக் கடந்த 233 பெண்களிடம் வீட்டிலேயே செய்யும் இத்தகைய பயிற்சியைச் சோதித்து 1997இல் வெளியான ஆய்வும், விழுதல் குறைந்ததைக் காட்டியது. பெரிய கருவிக்கூடம் இதற்குத் தேவையில்லை.

பழமையே பயிற்சி என்னும் வாதம்

நிலையாமை வாசிப்புக்கு எதிர்முனையில் இன்னொரு வாசிப்பு பரவலாகியுள்ளது. அம்மியும் உரலும் ஏற்றமும் இருந்த காலத்தில் முதுமைத் தளர்ச்சியே இல்லை. மலைவாழ் மக்கள் மூப்பதில்லை. தரையில் அமர்ந்து எழுந்தாலே ஆயுள் கூடும் என்பன அதன் முழக்கங்கள். செண்பகத்தோப்பில் வாழும் பளியர்களின் மலையேற்றத்தையும் தேனெடுப்பையும் இவ்வாறு எடுத்துக்காட்டுவோர் உண்டு.

இவ்வாதம் இரண்டு இடங்களில் இடறுகிறது. முதலாவது, உழைப்பு வேறு, பயிற்சி வேறு. பயிற்சியில் சுமையும் ஓய்வும் உடலின் அளவுக்கேற்ப வகுக்கப்படுகின்றன. உழைப்பில் வேலையின் அளவுக்கேற்ப உடல் வளைக்கப்படுகிறது. நூற்பாலையில் நின்றே பணிமாற்று நேரத்தைக் கழித்த பெண்ணும், குழித்தறியில் நாள்முழுதும் அமர்ந்த நெசவாளியும் உழைக்காதவர்கள் அல்லர். ஒரே அசைவு ஆயிரம் முறை திரும்பும் உழைப்பு, சில தசைகளையும் மூட்டுகளையும் தேய்த்துப் பிறவற்றைத் தொடாமல் விடக்கூடும். மலைவாழ் மக்களின் வாழ்வை நலவாழ்வு உவமையாக்குவது, அவர்களுக்கு மருத்துவமும் ஊட்டமும் எட்டுகின்றனவா என்ற கேள்வியை மறைக்கவும் செய்கிறது. புறம் 159இன் வீடும் அம்மி உரல் காலத்து வீடுதான். அந்தத் தாய் முற்றம் கடக்கவில்லை.

இரண்டாவது, உடன்நிகழ்வைக் காரணமாகக் கொள்ளும் பிழை. பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தொடர்ந்து கண்காணித்து 2012இல் வெளியான ஆய்வு, கையூன்றாமல் தரையில் அமர்ந்தெழ இயன்றவர்களிடம் இறப்பு குறைவாக இருந்ததைக் கண்டது. தரையில் அமர்ந்தெழுவது நலத்தின் அடையாளம் என்பதையே அது காட்டுகிறது. அதுவே நலத்தை உண்டாக்குகிறது என்பதை அது நிறுவவில்லை. புகை நெருப்பைக் காட்டும், நெருப்பை மூட்டாது. அளவைகளை வகைப்படுத்தி ஆராய்ந்த மணிமேகலையைப் பாடம் சொல்லும் நாம் இவ்வேறுபாட்டைக் கைவிடலாகாது.

பெரியாழ்வார்: தளருமுன்

இவ்விரு வாசிப்புகளுக்கும் மாற்றான ஒரு சிந்தனை வடிவம் இவ்வட்டாரத்தின் சொந்தக் கவியிடமே உள்ளது. நந்தவனம் அமைத்து மாலை கட்டியவராக மரபு போற்றும் பெரியாழ்வார், தம் திருமொழியின் நான்காம் பத்தில் அரங்கனை நோக்கிப் பாடிய பத்தாம் திருமொழியில், தளர்ச்சி வந்து நலியும் காலத்தில் உன்னை நினைக்க இயலாது. ஆதலின் அந்நாளுக்காக இயலும் இன்றே சொல்லி வைக்கிறேன் என்ற பொருள்பட வேண்டுகிறார்.

இத்திருமொழி உயிரின் கதி பற்றியது, உடற்பயிற்சி பற்றியதன்று. அதனை நலவாழ்வு அறிவுரையாக்குவது பாடலுக்குச் செய்யும் தீங்காகும். இங்கு கருதத்தக்கது அதன் காலக் கட்டமைப்பு மட்டுமே. கையறுநிலை பின்னோக்கி இரங்குகிறது. நாலடியார் முடிவை முன்னறிவிக்கிறது. ஆழ்வாரோ வரப்போகும் தளர்ச்சியை மறுக்கவும் இல்லை, அதற்குப் பணிந்து வாளாவிருக்கவும் இல்லை. அதனை முன்னிட்டு இன்றைய செயலை அமைத்துக்கொள்கிறார். ஐம்பது வயதில் சேர்த்த வலிமை எண்பது வயதுக்கான வைப்பு என்று முதியோர் மருத்துவம் கூறும்போது அதே கட்டமைப்பைத்தான் கையாள்கிறது. ஒரு வேறுபாடும் உண்டு. தளர்ந்தபின் இயலாது என்பது ஆழ்வாரின் அச்சம். தளர்ந்தபின்னும் ஓரளவு இயலும் என்பது 90 வயதினரிடம் செய்த ஆய்வின் முடிவு.

நடைமுறையில் இவ்வாசிப்பின் பயன்

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இயன்முறை மருத்துவத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்றது. 2023 நவம்பரில் தொடங்கிய நடப்போம் நலம் பெறுவோம் திட்டம், மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையை வகுத்தது. சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. இவை பாராட்டத்தக்கவை. எனினும் மூத்தோருக்கான பயிற்சி என்றவுடன் நடை ஒன்றையே எண்ணும் பழக்கம் இன்னும் மாறவில்லை. நடை இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் உகந்தது. விழுதலைத் தடுக்க அது மட்டும் போதும் என்பதற்குச் சான்றில்லை. நடைபாதை ஓரத்தில் கைப்பிடியோடு கூடிய சில படிகளும், பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்க ஒரு கம்பியும், அவற்றைக் கற்றுத்தர ஒருவரும் சேர்ந்தால் அதே திட்டம் மூன்று திறன்களையும் தொடும்.

முடிவுரை

சங்கப் புலவர்கள் பயிற்சியியலை அறிந்திருந்தனர் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. மூத்த உடல் எதை இழக்கிறது என்பதை அவர்கள் துல்லியமாகக் கண்டனர் என்பதும், அக்காட்சியிலிருந்து நிலையாமை என்னும் ஒரே முடிவைப் பெற்றது பிற்கால வாசிப்பே என்பதும் இங்கு நிறுவப்பட்டன. 243, 159 ஆகிய இரு பாடல்களையும் அருகருகே வைத்துப் பாடம் சொன்னால், இரங்கலும் கோரிக்கையும் முதுமையின் இரு மொழிகளாக மாணவர்க்குப் புலப்படும். மூப்பு, தளர்ச்சி என்னும் இரு சொற்களையும் நம் உரைகளிலும் பாடக்குறிப்புகளிலும் வேறுபடுத்தி வழங்கத் தொடங்க வேண்டும். ‘வயதாகிவிட்டது’ என்று ஒருவர் சொல்லும்போது, வலிமையா, திறனா, சமநிலையா, உணவா, பார்வையா, எது குறைந்தது என்று அடுத்துக் கேட்க அவ்வேறுபாடு உதவும். அவற்றுள் பெரும்பாலானவை மீட்கத்தக்கவை.